பதினெட்டு விநாடி

தேர்வுக்கு முன்னால் நாக்கை நீட்டச் சொன்னாள் டாமரிஸ்.
கல்லை நக்கிப் பார்ப்பதும் பாடத்தில் உண்டாம்.
உப்புக்கல் கரித்தது.
களிக்கல் நாக்கைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது.
மூன்றாவது, ஒன்றுமே சொல்லாத ஆண்டசைட்.
இருபது வருடம் சுரங்கத்தில் அதைத்தான்
லாரியில் ஏற்றி இறக்கினேன், டன் கணக்கில்,
பெயர் தெரியாமல்.

சிலி நாடு, கோப்பியாப்போ, இரவுக் கல்லூரியின் இரண்டாம் மாடி.
எனக்கு நாற்பத்தாறு வயது. ஆசிரியைக்கு இருபத்தொன்பது.
பக்கத்து மேசையில் வெடி வைக்கும் ஒசியல்
பென்சிலைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தான்.

நான்காம் கேள்வி:
பூமியின் வெளிக்கரு திரவம் என்று எப்படித் தெரியும்?
யாரும் போய்ப் பார்த்ததில்லை
என்று எழுதி, அடித்தேன்.

அப்போது ஜன்னல் கண்ணாடிக்குப் பல் தந்தியடித்தது.

இந்த ஊரில் யாரும் உடனே ஓடமாட்டோம்.
ஓடுமளவுக்குப் பெரியதா என்று பார்ப்போம்.
விளக்கைப் பார்ப்போம். கோப்பைத் தேநீரைப் பார்ப்போம்.
டாமரிஸ் கையை உயர்த்தினாள்:
"எண்ணுங்கள்."

ஒன்று. இரண்டு.
இது முதல் அலை. இடித்து இடித்து வரும்,
வரிசையில் பின்னால் நிற்பவன் முன்னவன் முதுகில் மோதுவதுபோல.
கல்லில் போகும். நீரிலும் போகும்.
ஏழு. எட்டு.
தெருவில் ஒரு நாய்.
பதினொன்று.
ஒசியல் எழுந்து, வெட்கப்பட்டு, உட்கார்ந்தான்.
பதினாறு. பதினேழு.

பதினெட்டில் தரை பக்கவாட்டில் போனது.

மேசைக்கடியில் என் முழங்காலருகே
கல்பெட்டி கவிழ்ந்து கிடந்தது.
தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை,
எல்லாம் ஒரே குவியல்.

ஆட்டம் நின்றதும் பலகையில் எழுதினாள்:
பதினெட்டு பெருக்கல் எட்டு.
நூற்று நாற்பத்துநாலு கிலோமீட்டர்.
"ஓர் இடத்திலிருந்து தூரம் மட்டும்தான் தெரியும்.
திசை தெரியாது. வட்டம் போடுங்கள்."

போட்டேன்.
மேற்கே வட்டம் கடலுக்குள் போனது; அங்கே நாஸ்கா தட்டு
நகம் வளரும் வேகத்தில் எங்களுக்கடியில் நுழைகிறது.
வடக்கே வெறும் பாலை.
கிழக்கே மலைமேல் எல்லையோரம், ஆளில்லாத உப்புத்தரை.
தெற்கே, பென்சில் தானாய்ப் போன வழியில்,
வாயெனார்.

வாயெனாரில் என் மகன் நிபால்தோ.
பச்சைச் செங்கல் வீட்டில் ஓர் அறை, வாடகை மலிவு.
பார்த்துப் பேசி முடித்தது நான்தான்.
வாராவாரம் என் பாடத்தைப் போனில் ஒப்பிப்பதும் அவனிடம்தான்.

போன் போகவில்லை.
போகவில்லை.

கடலாக இரு என்று வட்டத்திடம் சொன்னேன்.
கடலென்றால் அலை எழுமே, கரையில் வேறு பிள்ளைகள் இருக்குமே
என்று தோன்ற,
சரி, உப்புத்தரையாக இரு என்றேன்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.
நான்காம் கேள்விக்குப் பதில் எழுதினேன்:

இரண்டாம் அலை பக்கவாட்டில் உலுக்கிப் போவது.
உலுக்கினால் எதிர்த்து நிற்கும் பொருளில் மட்டுமே அது போகும்.
திரவம் எதிர்க்காது, விட்டுக்கொடுத்துவிடும்;
அலை அங்கேயே செத்துப்போகும்.
அதனால் பூமியின் மறுபக்கத்தில்
முதல் அலை வளைந்து நெளிந்தாவது வந்துசேர்கிறது,
இரண்டாவது வருவதில்லை.
வராததை வைத்துத்தான்
உள்ளே உருகிய இரும்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

வராததை வைத்துத்தான்
என்று இன்னொரு தடவையும் எழுதியிருக்கிறேன்.
அதற்கு மதிப்பெண் கிடையாது.

ஒன்பது ஐம்பதுக்குச் செய்தி வந்தது:
"சுவர் என் கட்டிலில் படுத்திருக்கிறது.
நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன்.
உனக்கு எத்தனை விநாடி?"

பதினெட்டு. உனக்கு?

"எண்ண எங்கே விட்டது அம்மா,
இரண்டும் ஒன்றாய் வந்தன."

வட்டத்தை அழித்தேன்.
வாயெனார்மேல் பென்சிலை ஊன்றி ஒரு புள்ளி வைத்தேன்,
முனை உடையும்வரை.